நோட்பேடில் திறந்த விமானம்

எங்கள் வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது 2004-இல். அதில் நான் ஏற்றிய முதல் விளையாட்டு, நான்கு சிடிகளில் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர். ரைட் சகோதரர்கள் பறந்து நூறாண்டு நிறைவதை ஒட்டி முந்தைய ஆண்டு வெளியான பதிப்பு. செஸ்னா இருந்தது, போயிங் இருந்தது. என் மனசு மட்டும் வேறொன்றைத் தேடியது. சின்ன வயதில் மாமாவை வழியனுப்ப மீனம்பாக்கம் போனபோது கம்பிக்கு அப்பால் பார்த்த, ஆரஞ்சு வால் கொண்ட இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம். அந்த நான்கு சிடியில் அது இல்லை.

பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் பிரௌசிங் சென்டரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து இறக்கி, சிடியில் எழுதிக் கொடுத்தார். எந்த நாட்டிலோ யாரோ ஒருவர் காசு வாங்காமல் செய்து பொதுவில் வைத்த ஏர்பஸ் ஏ320 விமானம். ஜிப் கோப்பைப் பிரித்து, வந்த ஃபோல்டரை அப்படியே ‘ஏர்கிராஃப்ட்’ என்ற ஃபோல்டருக்குள் போட வேண்டும். இந்தியன் ஏர்லைன்ஸ் வண்ணம் தனிப் பொட்டலம். அதற்கான படங்களை விமானத்தின் ஃபோல்டருக்குள் வைத்து, ‘ஏர்கிராஃப்ட்.சிஎஃப்ஜி’ என்ற கோப்பை நோட்பேடில் திறந்து சில வரிகளை ஒட்ட வேண்டும். ஒவ்வொரு வண்ணத்துக்கும் 0, 1, 2 என்று வரிசையாக ஓர் எண் உண்டு. நான் ஒட்டிய வரிகளில் எண் 3 இருந்தது. ஏற்கெனவே அங்கே ஒரு 3 இருந்ததை நான் கவனிக்கவில்லை.

சிமுலேட்டரைத் திறந்தால் பட்டியலில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் இல்லை. மூடித் திறந்தேன். எல்லாவற்றையும் அழித்து மறுபடி ஏற்றினேன். அந்தச் சாயங்காலம் முழுக்க அதிலேயே போயிற்று. ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து கோப்பை வரி வரியாகப் படித்தபோதுதான் இரண்டு 3 இருப்பது கண்ணில் பட்டது. ஒன்றை 4 ஆக்கிச் சேமித்தேன். அடுத்த தடவை திறந்ததும் ஆரஞ்சு வால் திரையில் வந்து நின்றது.

அந்தக் கோப்பில் இன்னும் என்னென்னவோ இருந்தது. விமானத்தின் எடை, இறக்கையின் பரப்பு, எஞ்சின் தள்ளும் விசை, எந்தத் தொட்டியில் எவ்வளவு எரிபொருள் பிடிக்கும் என்பதெல்லாம் வெறும் எண்களாக, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி கிடந்தன. எண்ணை மாற்றினால் விமானம் பறக்கும் விதம் மாறும். அதை இதை மாற்றி, விமானத்தை எழும்பவே விடாமல் செய்து, பழையபடி திருத்தி, அப்படித்தான் நான் விமானத்தைப் பற்றிக் கற்றேன்.

ஃப்ளைட் சிமுலேட்டர் ஆடுகிறவர்களிடம் எந்தப் புதுப் பதிப்பைப் பற்றிப் பேசினாலும் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: “வெளியார் ஆட்-ஆன் இதில் ஏறுமா?” விளையாட்டைச் செய்த கம்பெனி அல்லாமல் மற்றவர்கள் செய்து சேர்க்கும் விமானம், விமான நிலையம், வானிலை, ஒலி எல்லாவற்றுக்கும் ஆட்-ஆன் என்றுதான் பெயர். படம் எப்படி, மேகம் எப்படி என்பதெல்லாம் இதற்கு அடுத்த கேள்விகள். கிரிக்கெட் விளையாட்டையோ கார் பந்தயத்தையோ வாங்குகிறவர் இதை முதலில் கேட்பதில்லை. இவர்கள் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது.

தொடக்கத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. புரூஸ் ஆர்ட்விக் என்ற பொறியியல் மாணவர் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் 1975-இல் எழுதிய ஆய்வேடு, பறக்கும் காட்சியைக் கம்ப்யூட்டர் திரையில் வரைவது பற்றியது. 1977-இல் அவருடைய சப்லாஜிக் கம்பெனி பிறந்தது. ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு அவர் செய்த முதல் சிமுலேட்டர் 16 கிலோபைட் நினைவகத்தில் ஓடியது. தரை என்பது கோடுகளால் ஆன கட்டம், மலையென்றால் சில கோடுகள். 1982-இல் மைக்ரோசாஃப்ட் உரிமம் வாங்கி ஐபிஎம் பிசிக்கு வெளியிட்டது. புது ஊர்களில் பறக்க விரும்பினால் சப்லாஜிக் விற்ற ‘சீனரி டிஸ்க்’ வாங்க வேண்டும். செய்தவரும் விற்றவரும் ஒரே கம்பெனிதான்.

1990-இல் ஆர்ட்விக்கின் அடுத்த கம்பெனி, விமானத்தையும் நிலக்காட்சியையும் ஆடுகிறவரே வடிவமைக்கும் ஒரு கருவியைக் கொண்டுவந்தது. அதன்பின் வந்த பத்து வருடத்தில் கதையே மாறிவிட்டது. மைக்ரோசாஃப்டின் 2002 பதிப்பின் புரொஃபெஷனல் பெட்டியில் ஜிமேக்ஸ் என்ற முப்பரிமாண வடிவமைப்புக் கருவியையும் சேர்த்தே கொடுத்தார்கள். ஓய்வுபெற்ற விமானிகள், ஆசிரியர்கள், கல்லூரிப் பையன்கள் என்று பலரும் விமானம் செய்ய உட்கார்ந்தார்கள். சிலர் சும்மா கொடுத்தார்கள், அது ஃப்ரீவேர். சிலர் கம்பெனி தொடங்கி விற்றார்கள், அது பேவேர். ஜெர்மனியின் ஏரோசாஃப்ட், அமெரிக்காவின் பிஎம்டிஜி, ஆஸ்திரேலியாவின் ஆர்பெக்ஸ் என்று பெயர்கள் நிலைத்தன.

மைக்ரோசாஃப்ட் போன்ற பெரிய கம்பெனிக்கு இவர்கள் எதற்கு? கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். நான் வாங்கிய பதிப்பிலேயே கிட்டத்தட்ட 24,000 விமான நிலையங்கள் இருந்தன. அத்தனையையும் கையால் செய்ய எந்தக் கம்பெனியாலும் முடியாது. மீனம்பாக்கத்தில் இறங்கினால் ஓடுபாதை அதன் இடத்தில், சரியான திசையில் இருக்கும். டெர்மினல் மட்டும் உலகத்தின் எந்த ஊருக்கும் பொருந்தும் ஒரு பெட்டிக் கட்டடம். பரங்கிமலை உச்சியின் தேவாலயத்தைத் தேடினால் கிடைக்காது. 2020-இல் வந்த புதிய ஃப்ளைட் சிமுலேட்டரில் 37,000-க்கும் மேற்பட்ட விமான நிலையங்கள். கையால் செய்தவை சாதாரணப் பதிப்பில் 30, விலை கூடிய பதிப்பில் 40. மிச்சத்தில் அந்த அளவு கைவேலை இல்லை. தன் ஊர் விமான நிலையத்தின் ஒவ்வொரு தூணையும் தெரிந்தவர் அந்த ஊரில்தான் இருப்பார். அவரை உள்ளே விட்டால்தான் ஊர் ஊராகும்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் சிகாகோவின் மெய்க்ஸ் ஃபீல்டு. மிச்சிகன் ஏரிக்கரையில், நகரத்தின் வானளாவிய கட்டடங்களுக்குப் பக்கத்தில், சுமார் 3,900 அடி நீளத்தில் ஒற்றை ஓடுபாதை. எண்பதுகளிலிருந்து பல பதிப்புகளில் ஃப்ளைட் சிமுலேட்டரைத் திறந்தால் முதலில் நின்றது அங்கேதான். நேரில் பார்க்காமலே லட்சக்கணக்கானவர்கள் அதில் இறங்கியிருக்கிறார்கள், நானும் இறங்கியிருக்கிறேன். 2003 மார்ச் மாதம் 30-ஆம் தேதி இரவில், நகர மேயரின் உத்தரவில் புல்டோசர்கள் வந்து ஓடுபாதையில் பெரிய பெருக்கல் குறிகளாகக் குழி தோண்டிவிட்டுப் போயின. நான் வாங்கியதற்கு அடுத்த பதிப்பான எஃப்எஸ்எக்ஸில் மைக்ரோசாஃப்ட் அதை எடுத்துவிட்டது. உண்மையில் இல்லாத இடம், வரைபடத்திலும் வேண்டாம் என்பது சரியான நியாயம்தான். ஆனால் ஆர்வலர்கள் தாங்களே அதைக் கட்டி மறுபடி வைத்தார்கள். 1998-இல் மூடப்பட்ட ஹாங்காங்கின் பழைய கை டாக் விமான நிலையமும் அப்படித்தான் பிழைத்திருக்கிறது. குன்றில் சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பலகையைப் பார்த்து, வீட்டு மாடிகளுக்கு மேலே வலப்பக்கம் சாய்ந்து திரும்பி இறங்கும் அந்த இறக்கத்தை இன்றைக்கும் பழகலாம். 2022-இல் நாற்பதாம் ஆண்டுக் கொண்டாட்டத்துக்கு மைக்ரோசாஃப்டே மெய்க்ஸ் ஃபீல்டைத் திரும்பக் கொண்டுவந்தது. இடையில் அதை உயிரோடு வைத்திருந்தவர்கள் வெளியார்.

வெளியார் செய்த வேலை கட்டடத்தோடு நிற்கவில்லை. சிமுலேட்டருக்குள் விமானம் எவ்வளவு உயரத்தில், எந்த வேகத்தில் போகிறது என்று மற்றொரு நிரல் தெரிந்துகொள்ள அந்தக் காலத்தில் நேரான வழி இல்லை. பீட் டௌசன் என்ற நிரலாளர், சிமுலேட்டரின் நினைவகத்தில் எந்த இடத்தில் எது இருக்கிறது என்று துருவித் துருவிக் கண்டுபிடித்து, எஃப்எஸ்யுஐபிசி என்ற சிறிய நிரலாக்கிக் கொடுத்தார். அதை ஏற்றினால் வெளி நிரல் எதுவும் உள்ளே பேசலாம். வீட்டில் மரப்பலகையில் சுவிட்சுகளை வைத்துக் காக்பிட் கட்டியவர்களுக்கு அதுதான் உயிர்நாடி. உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் உண்மையான விமானக் கட்டுப்பாட்டாளர்போல் குரலில் வழிநடத்தும் வாட்சிம் வலையமைப்பு 2001-இல் பிறந்து வளர்ந்ததும் இப்படி வெளி நிரல் உள்ளே பேச முடிந்ததால்தான். 2006-இல் எஃப்எஸ்எக்ஸ் வந்தபோது மைக்ரோசாஃப்ட் சிம்கனெக்ட் என்ற முறையான வாசலைத் தானே கட்டித் தந்தது. அதற்கு முன்பே அந்த இடத்தில் ஒருவர் சந்து ஒன்றை வெட்டியிருந்தார்.

விமானங்களில் வெளியார் வேலையின் ஆழம் இன்னும் நன்றாகத் தெரியும். எஃப்எஸ்எக்ஸோடு வந்த 737-இல் தலைக்குமேல் உள்ள பலகையில் பல சுவிட்சுகள் வெறும் படம். 2011-இல் பிஎம்டிஜி கொண்டுவந்த 737-இல், விளக்கு ஒன்றுகூட எரியாத விமானத்தில் உட்கார்ந்து, பேட்டரியைப் போட்டு, துணை எஞ்சினை இயக்கி, எரிபொருள் பம்புகளைத் திறந்து, வரிசை பிசகாமல் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். முதல் தடவை எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அதனுடன் வரும் கையேடு கல்லூரிப் பாடப்புத்தகம்போல் இருக்கும். ஆட்-ஆன் விமானம் ஒன்றின் விலை மொத்த விளையாட்டின் விலையையே தாண்டுவது இந்த உலகத்தில் சாதாரணம். வெளியில் இருப்பவர்களுக்கு இது விந்தையாகப் படும். அந்த முக்கால் மணி நேரம் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

இந்த அருமையை விளையாட்டைச் செய்த கம்பெனியே ஒரு தடவை மறந்தது. 2009 ஜனவரியில் ஃப்ளைட் சிமுலேட்டரைச் செய்துவந்த ஏசஸ் ஸ்டூடியோவை மைக்ரோசாஃப்ட் மூடியது. மூன்று வருடம் கழித்து, 2012 பிப்ரவரி 29 அன்று, ‘மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட்’ என்ற புது விளையாட்டை இலவசமாக வெளியிட்டது. படம் அழகு, பறக்க எளிது. ஆனால் உலகம் முழுக்க இருந்த இடத்தில் ஹவாயின் பெரிய தீவு மட்டும் இருந்தது. மற்ற தீவுகளும் கூடுதல் விமானங்களும் காசுக்கு, அதையும் மைக்ரோசாஃப்டிடம் மட்டுமே வாங்க வேண்டும். வெளியாருக்கு வாசல் அடைத்தாயிற்று. காசு கொடுத்து வாங்கும் மஸ்டாங் போர் விமானத்துக்கு உள்ளே காக்பிட்டே இல்லை, வெளியிலிருந்து பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். பிஎம்டிஜி 737-இன் ஒவ்வொரு சுவிட்சையும் பழகியவர்களிடம் போய் இதை நீட்டினார்கள். அதே ஆண்டு ஜூலையில் வேலையை நிறுத்தினார்கள். ஐந்தே மாதம்.

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் செத்ததற்கு ஆட்-ஆன் இல்லாதது மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது செத்த அதே காலத்தில், 2006-இல் வந்து கைவிடப்பட்ட எஃப்எஸ்எக்ஸ் ஓடிக்கொண்டே இருந்தது என்பதை மறக்க முடியாது. செய்த ஸ்டூடியோவே இல்லை, பிழை திருத்த ஆளில்லை. இருந்தும் புது விமானங்களும் புது ஊர்களும் மாதம் தவறாமல் வந்தன. 2014-இல் டவ்டெயில் கேம்ஸ் உரிமம் வாங்கி அதையே ஸ்டீமில் மறுபடி விற்றது. அதன் வேரிலிருந்து லாக்ஹீட் மார்ட்டின் கிளை எடுத்து ப்ரிபேர்3டி என்று வளர்த்தது. ஒரு மென்பொருளை அதன் தாய்க் கம்பெனி விட்டுவிட்ட பின்னும் ஊரார் பத்து வருடத்துக்கும் மேல் தூக்கிப் பிடித்தார்கள்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது நேர்மையாகாது. எஃப்எஸ்எக்ஸ் 32-பிட் நிரல். கம்ப்யூட்டரில் எவ்வளவு ரேம் இருந்தாலும் 4 ஜிபிக்கு மேல் அதனால் தொட முடியாது. ஆட்-ஆன் கூடக்கூட அந்த 4 ஜிபி நிறைந்துவிடும். கண்டம் தாண்டி எட்டு மணி நேரம் பறந்து, விரிவாகச் செய்த ஹீத்ரோவை நெருங்கி, சக்கரத்தை இறக்கும் நேரத்தில் நினைவகம் தீர்ந்து எல்லாம் மூடிக்கொள்ளும். நினைவகம் தீரப்போகிறது என்று எச்சரிக்க மணி அடிக்கும் வசதியை எஃப்எஸ்யுஐபிசியில் வைத்திருந்தார்கள். அந்த ‘டிங்’ ஒலியைக் கேட்டால் இன்றைக்கும் பலருக்கு அடிவயிறு கலங்கும்.

இன்னொன்று பாதுகாப்பு. அன்றைய காக்பிட் கருவிகளில் பல, விண்டோஸ் நிரலாகவே கம்ப்யூட்டரில் ஓடின. யார் செய்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே ஏற்றினோம், நம்பிக்கைதான் ஒரே காவல். 2018-இல் ஒரு பேவேர் கம்பெனி, திருட்டுப் பிரதி வைத்திருப்பவரைப் பிடிக்க என்று, கிரோம் பிரௌசரில் சேமித்த கடவுச்சொற்களை எடுக்கும் நிரலைத் தன் இன்ஸ்டாலருக்குள் வைத்திருந்தது வெளியே தெரிந்தது. பிறகு மன்னிப்புக் கேட்டு எடுத்துவிட்டார்கள். திறந்த வீட்டில் யாரும் வரலாம் என்பதற்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு என்று அன்றைக்குத்தான் பலருக்கும் உறைத்தது.

2019 ஜூனில் மைக்ரோசாஃப்ட் புது ஃப்ளைட் சிமுலேட்டரை அறிவித்ததும் என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை. முன்னோட்டத்தில் மேகங்களைப் பார்த்து வாய் பிளந்தவர்கள், அடுத்த நிமிடமே கேட்டது பழைய கேள்வியைத்தான். 2012-இன் சூடு யாருக்கும் ஆறவில்லை. அந்த மாதமே, வெளியார் ஆட்-ஆனுக்கு இடம் உண்டு என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாக அறிவித்தது. படம் எப்படி, விலை என்ன என்று சொல்வதற்கு முன் சொல்லவேண்டிய பதில் அதுதான் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

2020 ஆகஸ்ட் 18 அன்று அது வந்தது. பிரான்ஸின் போர்தோ நகரத்து அஸோபோ ஸ்டூடியோ செய்தது. பிங் வரைபடத்தின் செயற்கைக்கோள் படங்களிலிருந்து முழு உலகம். தரவு மொத்தம் இரண்டு பெட்டாபைட்டுக்கு மேல், அதனால் பறக்கப் பறக்கத் தரை இணையத்தில் இறங்கிக்கொண்டே வரும். வெளியாருக்கு இரண்டு வாசல் வைத்தார்கள். ஒன்று, விளையாட்டுக்குள்ளேயே உள்ள மார்க்கெட்பிளேஸ் கடை. மற்றது ‘கம்யூனிட்டி’ என்ற ஃபோல்டர். எந்த ஆட்-ஆனையும் அதில் போட்டுத் திறந்தால் ஏறிவிடும், நோட்பேடில் எண் ஒட்டவேண்டிய வேலை இல்லை. எடுத்துவிட்டால் சுவடே இல்லாமல் போய்விடும். அன்றைக்கு இல்லாத சௌகரியம் இது. மனதாரப் பாராட்டுகிறேன். ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்கு முன்னும் அந்த ஃபோல்டரைக் காலிசெய்துவிட்டுப் பிறகு நிரப்புவது ஆடுகிறவர்களுக்கு வழக்கமாகிவிட்டது.

உள்ளே நடந்த நல்ல மாற்றங்களும் குறைவில்லை. காக்பிட் கருவிகளுக்கான நிரல்கள் இப்போது வெப்அசெம்பிளி என்ற வேலிக்குள் ஓடுகின்றன, கம்ப்யூட்டரின் மற்ற இடங்களுக்குக் கை நீட்ட முடியாது. விளையாட்டோடு வந்த ஏ320நியோ அரைகுறை என்று பார்த்த தன்னார்வலர்கள் ஃப்ளைபைவயர் என்ற குழுவாகச் சேர்ந்து, அதைத் திறந்த மூலமாக, இலவசமாக, உண்மை விமானத்துக்கு நெருக்கமாக வளர்த்தார்கள். காக்பிட்டின் கார்மின் வழிகாட்டிக் கருவிகளைத் திருத்திக்கொண்டிருந்த வொர்க்கிங் டைட்டில் என்ற ஆர்வலர் குழுவை 2021-இல் மைக்ரோசாஃப்ட் தன்னோடு சேர்த்துக்கொண்டது. இன்றைக்கு விளையாட்டோடு வரும் பல கருவிகள் அவர்கள் எழுதியவை. நாற்பதாம் ஆண்டுப் பதிப்பில் இலவசமாக வந்த ஏர்பஸ் ஏ310, ஐனிபில்ட்ஸ் என்ற வெளிக் கம்பெனி செய்தது. அன்றைக்கு வாசலில் நின்றவர்கள் இன்றைக்கு வீட்டுக்குள் அடுப்படி வரை வந்திருக்கிறார்கள்.

என் அக்கா மகன் எக்ஸ்பாக்ஸில் ஆடுகிறான். 2021 ஜூலையில் எக்ஸ்பாக்ஸுக்கும் ஃப்ளைட் சிமுலேட்டர் வந்தது. போன கோடை விடுமுறையில் வீட்டுக்கு வந்தவன் கேட்டான்:

“மாமா, இதுல இண்டிகோ கலர் எப்படி ஏத்துறது? இலவசமாத் தராங்களாமே?”

“இதுல அது ஏறாதுடா. கடையில் இருக்கிறதைத்தான் வாங்கலாம்.”

“ஏன், ஃபோல்டர் எங்கே இருக்கு?”

எக்ஸ்பாக்ஸில் ஃபோல்டர் இல்லை. கம்யூனிட்டி வாசல் கம்ப்யூட்டருக்கு மட்டும், எக்ஸ்பாக்ஸில் மார்க்கெட்பிளேஸில் உள்ளதுதான் ஏறும். தனி நிரலாகப் பக்கத்தில் ஓடும் ஃபெனிக்ஸ் ஏ320 போன்ற விமானங்களுக்கு அங்கே வழியே இல்லை. என்னுடைய கம்ப்யூட்டரில் செய்து காட்டுகிறேன் என்று அவனை உட்கார வைத்தேன். விண்டோஸில் மறைத்து வைத்த ‘ஆப்டேட்டா’வுக்குள் நுழைந்து, ‘லோக்கல்’, ‘பேக்கேஜஸ்’ என்று இறங்கி, பொருளில்லாத எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு பெயருக்குள் போனால்தான் கம்யூனிட்டி ஃபோல்டர் வரும். வண்ணத்தைப் போட்டோம். வேலை செய்தது. அவனுக்கு ஆசை விடவில்லை. வாலில் தன் பெயரை எழுதி, புதுப் படக் கோப்பு ஒன்றையும் சேர்த்தான். விளையாட்டில் அது வரவே இல்லை. ஒவ்வொரு ஆட்-ஆனிலும் ‘லேஅவுட்’ என்று ஒரு கோப்பு உண்டு, உள்ளே இருக்கும் எல்லாக் கோப்புகளின் பெயரும் அளவும் அதில் பட்டியலாக இருக்கும். அந்தப் பட்டியலில் பெயர் இல்லாத கோப்பு, கண்ணெதிரே இருந்தாலும் சிமுலேட்டருக்கு இல்லாததுதான். அவனே தேடி, அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து, பெயரைச் சேர்த்தான். ராத்திரி பதினொரு மணிக்கு வீடே கேட்கிற மாதிரி “மாமா!” என்று கத்தினான்.

இருபது வருடம் முன்பு நான் இரண்டு 3-ஐக் கண்டுபிடித்த ராத்திரி எனக்கு நினைவு வந்தது. இந்தப் பையனுக்கு நாளைக்கும் இந்த வாசல் இருக்குமா என்பதுதான் என் கவலை.

காரணமில்லாமல் சொல்லவில்லை. 2024 நவம்பரில் வந்த அடுத்த பதிப்பு, தேவையான இடம் 150 ஜிபியிலிருந்து 50 ஜிபியாகக் குறைந்தது என்றது. தரையோடு விமானங்களும் இணையத்தில் வேண்டும்போது இறங்கி வருவதால் கிடைத்த மிச்சம் அது. ஆனால் வெளியானபோது, விளையாட்டோடு வந்த விமானங்களின் கோப்புகளைப் பழையபடி திறந்து பார்க்க முடியவில்லை. வண்ணம் பூசுகிறவர்களும் திருத்துகிறவர்களும் தடுமாறினார்கள். கம்யூனிட்டி ஃபோல்டர் இருக்கிறது, வெளியார் விமானங்களும் ஏறுகின்றன. ஆனால் புதியவர் ஒருவர் உள்ளிருக்கும் விமானத்தைத் திறந்து, எண்ணை மாற்றி, பறந்து பார்த்துக் கற்கும் முதல் படி உயர்ந்துவிட்டது. ஃப்ளைபைவயர் குழு தொடங்கியது உள்ளிருந்த விமானத்தைத் திருத்துவதில்தான். அந்தப் படி இல்லாதிருந்தால் அவர்களும் இல்லை.

பேவேர் பக்கத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு விமான நிலையத்தைக் காசு கொடுத்து வாங்கினேன். ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் விற்றவரின் சர்வரில் அனுமதி வாங்க வேண்டும். ஒருநாள் அந்த வியாபாரம் நின்றது, சர்வரும் போனது. கோப்புகள் இன்றும் என் ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன, திறக்கத்தான் முடியாது. அதே டிஸ்கில் 2004-இன் அந்த இலவச ஏ320-உம் இருக்கிறது. பழைய சிமுலேட்டரில் இன்றைக்கும் பறக்கிறது.

வேறு வழியிலும் நடத்தலாம் என்பதற்கு எக்ஸ்-பிளேன் இருக்கிறது. அமெரிக்காவின் ஆஸ்டின் மேயர் தொடங்கிய அதில், விமானம் வடிவமைக்கும் ‘பிளேன் மேக்கர்’ விளையாட்டோடு சேர்ந்தே வருகிறது. இறக்கையின் வடிவத்தை மாற்றினால், காற்று அதன்மேல் செலுத்தும் விசையைச் சிமுலேட்டரே புதிதாகக் கணக்கிடும். ஆடுகிறவர்கள் கட்டிக் கொடுக்கும் விமான நிலையங்களை வாங்கி, அடுத்த பதிப்பில் எல்லாருக்கும் சேர்த்து வெளியிடுகிறார்கள். உள்ளே வந்த 737-ஐத் தன்னார்வலர்கள் திருத்தி வளர்த்த ‘ஸிபோ’ விமானம் இலவசம், விலைக்கு வரும் விமானங்களோடு ஒப்பிட்டுப் பேசப்படுவது. தொண்ணூறுகளில் தொடங்கிய ஃப்ளைட்கியரில் மூல நிரலே எல்லாருக்கும் திறந்தது. இவற்றின் படம் பிங் வரைபடத்துக்கு ஈடாகாது என்பது உண்மைதான். ஆனால் உள்ளே வரும் விமானத்தைத் திறந்து பார்க்கலாம்.

ஆகவே கேள்வியை இனி கொஞ்சம் நீட்டிக் கேட்போம். ஏறுமா என்று கேட்டால், இன்றைக்கு எல்லாருமே ஏறும் என்றுதான் சொல்கிறார்கள். கடை வழியாக மட்டும் ஏறுமா, ஃபோல்டர் வழியாகவும் ஏறுமா? விற்றவர் நாளைக்கு இல்லாமல் போனால் நான் வாங்கியது ஓடுமா? உள்ளே இருக்கும் விமானத்தை என் வீட்டுப் பிள்ளை திறந்து பார்க்க முடியுமா? சிமுலேட்டர் செய்கிறவர்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோளும் இதுதான். வேலி போடுங்கள், தவறில்லை. கடை வையுங்கள், அதுவும் தவறில்லை. நோட்பேடில் திறக்கும் ஒரு விமானத்தையாவது உள்ளே விட்டு வையுங்கள்.